குடிமதிப்பு நூல்களை மேற்கோளாக ஆளும் முறை: கள்ளக்குறிச்சியும் கல்வராயன் மலையும்

இலக்கிய மேற்கோளுக்கு நூற்பெயரும் பாட்டெண்ணும் அடியெண்ணும் தவறாது குறிக்கும் நாம், மக்கள்தொகைக் கணக்கெடுப்பாகிய குடிமதிப்பை மட்டும் ‘குடிமதிப்பு, 2011’ என்ற அளவில் நிறுத்திவிடுகின்றோம். குடிமதிப்பு என்பது ஒரு நூலன்று. மாநிலந்தோறும் மாவட்டந்தோறும் பல பகுதிகளாக வெளிவரும் நூல்வரிசையாகும். குறிப்புக் குறைவுபடின் விளையும் பிழைகளைக் கள்ளக்குறிச்சி வட்டாரத்தைக் கொண்டு ஈண்டு ஆராய்வோம்.

முதலாவது எல்லை. கள்ளக்குறிச்சி என்பது ஊர், வட்டம், மாவட்டம் ஆகிய மூன்றற்கும் பெயர். அவ்வட்டம் 1993 வரை தென்னார்க்காட்டு மாவட்டத்தும், பின்னர் விழுப்புரம் மாவட்டத்தும் அடங்கியிருந்தது. தனி மாவட்டம் தோன்றியது 2019இல். ஆதலின், 1981ஆம் ஆண்டுக் கணக்கைத் தென்னார்க்காட்டு நூல்களிலும், 2011ஆம் ஆண்டுக் கணக்கை விழுப்புர மாவட்டக் கையேட்டிலும் தேடல் வேண்டும். ‘2011ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி கள்ளக்குறிச்சி மாவட்ட மக்கள்தொகை’ என எழுதுவோர், அந்நூலில் இல்லாத எண்ணையே மேற்கோளாக்குகின்றனர். அது பிற்காலத்து எல்லைக்கேற்பக் கூட்டிப் பெற்ற தொகை. எவற்றைக் கூட்டினோம் என்பதனைக் கூறாவிடின் அது சான்றாகாது.

கல்வராயன் மலைக்கு இவ்விடர்ப்பாடு இன்னும் மிகுதி. பழைய ஜாகீர்களுள் பெரிய கல்ராயன், சின்னக் கல்ராயன் என்பன சேலத்தைச் சார்ந்தவை. சடைய கவுண்டன், குரும்ப கவுண்டன், அரிய கவுண்டன் ஜாகீர்கள் தென்னார்க்காட்டைச் சார்ந்தவை. ஒரு மாவட்ட நூலை மட்டும் நோக்குவோர் மலையின் ஒரு கூற்றையே காண்பர்.

இரண்டாவது பெயர். இம்மலையில் வாழும் பழங்குடியினர் ‘மலையாளி’ எனப்படுவர். அவர்தம் தாய்மொழியோ தமிழ். பழங்குடி அட்டவணையில் உள்ள இப்பெயரையும், தாய்மொழி அட்டவணையில் உள்ள மலையாளத்தையும் ஒன்றெனக் கொள்வது பெரும்பிழை. அட்டவணையின் பெயரைக் குறித்தாலன்றி இம்மயக்கம் நீங்காது.

மூன்றாவது சான்றின் தனித்தன்மை. சென்னை மாகாணத்தின் 1901ஆம் ஆண்டுக் குடிமதிப்பு அறிக்கையை எழுதியவர் டபிள்யூ. பிரான்சிஸ். தென்னார்க்காட்டு மாவட்ட விவரநூலை 1906இல் வெளியிட்டவரும் அவரே. தர்ஸ்டனின் குலங்களும் குடிகளும் பற்றிய தொகுதிகளும் (1909) 1891, 1901ஆம் ஆண்டு அறிக்கைகளைப் பல இடங்களில் எடுத்தாள்கின்றன. ஒரு மூலத்தினின்றும் படியெடுத்த மூன்று ஏடுகளைப் பாடவேறுபாடு ஆய்வோர் மூன்று சான்றாகக் கொள்வதில்லை. அந்நெறி ஈண்டும் பொருந்தும். இந்நூல்களின் ஒப்புமையைக் காட்டுமுன் அவை ஒன்றினின்று ஒன்று எடுத்தனவா என்று காண்டல் வேண்டும்.

ஆகவே, கணக்கெடுத்த ஆண்டு, நூல்வரிசையும் பகுதியும், அட்டவணை, அக்காலத்து ஆட்சி எல்லை ஆகிய நான்கனையும் குறித்தல் நம் கடமையாம். ஓர் எண்ணைக் காட்டுவோர், படிப்பவர் அதனைத் தாமே சென்று காணும் வழியையும் காட்டல் வேண்டும்.