ஆடி வருகிறதாம், வீட்டைக் கொடு என்கிறார்கள்!

சித்திரை பிறந்துவிட்டால் வீட்டுத் தரகருக்குத் தூக்கம் கிடையாது. பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை. பிள்ளைகளின் படிப்புக் கெடாமல் குடி மாறுவதென்றால் ஜூனுக்குள் மாறியாக வேண்டும். சித்திரை, வைகாசி, ஆனி: இந்த மூன்று மாதங்களில்தான் சென்னையிலும் சுற்றுப்புறத்திலும் வீடு பார்க்க வருவோர் கூட்டம் மிகுதி. வியாசர்பாடியிலும் கொருக்குப்பேட்டையிலும் கால் கிரவுண்டு, அரைக் கிரவுண்டு வைத்திருக்கும் நம் தோழர்களின் வாசலிலும் ஆள் வந்து நிற்கிறது.

நான்கு வீடு உள்ளவன் ஒன்றை விற்றால் அது வியாபாரம். தொழிலாளி தன் ஒரே வீட்டை விற்கிறான் என்றால் மகள் கலியாணம், மருத்துவமனைக் கடன், வேலை போன வீட்டின் வட்டிச் சுமை என்று ஏதேனும் ஒன்று அவன் கழுத்தில் கை வைத்திருக்கிறது என்று பொருள். அந்த அவசரம் வாங்க வருகிறவனுக்குத் தெரிந்துவிட்டால் போதும், விலை இறங்கத் தொடங்கிவிடும்.

அவசரத்தைக் கூட்டுவதற்கென்றே ஓர் ஆயுதம் இருக்கிறது: ஆடி! “ஆடி வந்தால் ஒருவரும் தொடமாட்டார்கள், இரண்டு இலட்சம் குறைத்தாவது இப்போதே முடித்துவிடுங்கள்” என்பார்கள். கணக்குப் பார்ப்போமே! மூன்று இலட்சம் கடன், மாதம் நூற்றுக்கு இரண்டு வட்டி என்றே வைத்துக்கொள்வோம். ஒரு மாதம் பொறுத்தால் வட்டி 6,000 ரூபாய். அந்த 6,000-க்கு அஞ்சி இரண்டு இலட்சத்தை விடுவதா? ஆடி ஒரே மாதம். அதன் பின் ஆவணி வருகிறது. ஆகாத மாதம் என்கிறார்களே, அந்த ஆடியிலேயே பெருக்கு நாளன்று பத்திரப் பதிவுக்குக் கூட்டம் நெரிந்து, அரசு கூடுதல் டோக்கன் கொடுத்த ஆண்டுகள் உண்டு. மாதத்தின் மீது பழி போட்டு விலையைக் குறைப்பது பேரமே தவிர சாத்திரம் அல்ல.

விலையை எப்படி அறிவது? தரகரின் வாயிலிருந்து அல்ல. பதிவுத்துறையின் இணையத்தளத்தில் உங்கள் தெருவின் வழிகாட்டி மதிப்பைப் பார்க்கலாம். ஆனால் அது அரசு தன் கட்டணத்துக்காக வைத்திருக்கும் கணக்கு. 2017-இல் அதை மூன்றில் ஒரு பங்கு குறைத்தார்கள். 2023 ஏப்ரலில் பழையபடி உயர்த்தினார்கள். அதனால் எந்த வீட்டின் செங்கல்லும் கூடவில்லை, குறையவுமில்லை. அண்மையில் உங்கள் தெருவில் விற்ற இரண்டு மூன்று வீடுகள் கைக்கு என்ன பெற்றன என்று நேரில் விசாரியுங்கள். 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை மெட்ரோ இரயில் வந்தது. 2023 டிசம்பரில் கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் திறந்தது. இப்படி ஒன்று வரப்போகிறது என்ற சேதி வீட்டுக்காரனைவிடத் தரகருக்கு முன்னதாகவே எட்டிவிடுகிறது.

வாங்குகிறவருக்கும் சுமை உண்டு. அதையும் மறைக்க வேண்டாம். முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு. நாற்பது இலட்சத்துக்குப் பதிவு செய்தால் 3,60,000 ரூபாய் அதற்கே போகிறது. ஆகவேதான் “பத்திரத்தில் பாதி, கையில் பாதி” என்று காதோடு சொல்வார்கள். ஒப்பாதீர்கள்! சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் விதிக்க வருமான வரிச் சட்டம் இடம் தருகிறது. அவருக்குக் கட்டணம் மிச்சம். அபராதத்துக்கு நிற்பது நீங்கள்.

இனிப் பத்திரம். தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, வரி ரசீது இவற்றை மாசி, பங்குனியிலேயே எடுத்து அடுக்கிவிட வேண்டும். வாங்குகிறவரை வீட்டில் உட்காரவைத்துவிட்டுப் பட்டாவுக்கு அலைகிறவன் விலை பேச முடியாது.

அப்பா உயில் எழுதாமல் விட்டுப்போன வீடானால் அடுத்த கேள்வி, தங்கை எங்கே என்பது. “கலியாணம் செய்து கொடுத்தோம், நகை போட்டோம், அவளுக்கென்ன பங்கு?” என்று கேட்கும் அண்ணன்மார் இன்னும் இருக்கிறார்கள், நம் கூட்டங்களில் பெண்ணுரிமைக்குக் கை தட்டிவிட்டு வீட்டுக்குப் போய் இப்படிக் கேட்போர் உட்பட! தந்தை தானே சம்பாதித்த சொத்தில் இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956-லேயே மகளுக்குச் சம பங்கு தந்துவிட்டது. பூர்வீகச் சொத்திலும் மகளுக்குச் சம உரிமை என்று 1989-இல் தமிழ்நாடு சட்டம் செய்தது. 2005-இல் அது நாடு முழுவதற்கும் ஆயிற்று. நகை போட்டதால் பங்கு கரைந்துவிடாது. தங்கை கையெழுத்திட வேண்டும், அல்லது அவள் மனமொப்பி விடுதலைப் பத்திரம் பதிவு செய்து தர வேண்டும். அவளை மறைத்து விற்ற வீடு என்றேனும் வழக்கு மன்றம் ஏறும். அவளுக்குரியதைப் பேசி முடித்துவிட்டுச் சந்தைக்கு வருகிறவனிடம் எவரும் வில்லங்கம் சொல்லி விலை குறைக்க முடியாது.

வங்கியில் அடமானம் வைத்துத் தீர்த்தவர்கள், அந்தப் பதிவு வில்லங்கச் சான்றில் இரத்தாகி இருக்கிறதா என்று பாருங்கள். கடன் முழுதும் தீர்ந்த 30 நாளுக்குள் பத்திரத்தைத் திருப்பித் தர வேண்டும், வங்கியின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் ஈடு தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதித்த கட்டளை 2023 டிசம்பர் முதல் நடப்பில் உள்ளது. கேட்டு வாங்குங்கள்.

வாரியக் குடியிருப்பில் ஒதுக்கீட்டு ஆணை மட்டும் வைத்திருப்போர் விற்கவே புறப்படக் கூடாது. கிரயப் பத்திரம் கைக்கு வராத வீட்டை முத்திரைத்தாளில் எழுதிக் கொடுத்தால் அது விற்பனை ஆகாது.

வீட்டுக்கு அதிகம் செலவிட வேண்டாம். வெள்ளையடிப்பு, மொட்டைமாடி வெடிப்புக்குப் பூச்சு, அவ்வளவு போதும். 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டதைக் கண்டவர்கள் முதலில் கிணற்றைத்தான் எட்டிப் பார்க்கிறார்கள். மே மாதத்தில் உங்கள் குழாயில் தண்ணீர் வருகிறதென்றால் அதைத் திறந்து காட்டுங்கள். 2015-லும் 2023-லும் வெள்ளம் புகுந்ததா என்று கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டார் எப்படியும் சொல்லிவிடுவார்கள்.

அச்சாரம் வாங்கினால் ஒப்பந்தத்தைப் பதிவு செய்யுங்கள். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் அது கட்டாயம். “பவர் எழுதிக் கொடுங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்” என்று சொல்கிறவரிடம் எச்சரிக்கை! அவர் எந்த விலைக்கு விற்றாலும் பத்திரத்தில் விற்றவர் நீங்கள்தான், வரி கேட்கும் கடிதமும் உங்களுக்குத்தான் வரும். பொது அதிகாரப் பத்திரத்தால் சொத்து கைமாறிவிடாது என்று உச்ச நீதிமன்றம் 2011-லேயே தீர்ப்பளித்திருக்கிறது.

வரியையும் முன்கூட்டியே எண்ண வேண்டும். இரண்டாண்டுக்கு மேல் வைத்திருந்த வீட்டின் இலாபத்துக்கு 12.5 விழுக்காடு வரி. 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கியதானால், விலைவாசி உயர்வைக் கழித்து 20 விழுக்காடு என்ற பழைய கணக்கையும் போட்டு, எது குறைவோ அதைக் கட்டலாம். அந்த இலாபத்தைக் கொண்டு இரண்டு ஆண்டுக்குள் வேறு வீடு வாங்கினாலும், மூன்று ஆண்டுக்குள் கட்டினாலும் விலக்கு உண்டு. வரிக்கணக்குத் தாக்கல் செய்யும் கெடுவுக்குள் செலவாகாத தொகையை வங்கியில் மூலதன ஆதாயக் கணக்கில் போட வேண்டும். அங்கே போட்டதைக் கலியாணத்துக்கோ கடனுக்கோ எடுத்தால் விலக்குப் போய்விடும். ஆகையால் எது கடனுக்கு, எது வீட்டுக்கு என்று அச்சாரம் வாங்குமுன்பே வீட்டில் உட்கார்ந்து பிரித்து எழுதிவிடுங்கள்.