வெள்ளி நீரை அளக்கும் மானி எது?

இரு வெள்ளிக் கம்பிகளைப் பற்றரியுடன் இணைத்து, காய்ச்சி வடித்த நீரில் அமிழ்த்தி, கூழ்நிலை வெள்ளியை வீட்டிலேயே தயாரித்து மருந்தெனப் பருகுவோர் அமெரிக்கா முதலிய நாடுகளில் உள்ளனர். அதன் செறிவை அறிய மலிவான ரீ.டீ.எஸ். மானியையே பலர் வாங்குகின்றனர்.

அம்மானி வெள்ளியை அளப்பதில்லை. நீரின் மின்கடத்துதிறனை அளந்து, உப்புகளுக்கென வகுத்த கணக்கின்படி ஓர் எண்ணைக் காட்டுகிறது. சிறிது கறியுப்பு இட்டாலும் எண் ஏறிவிடும். ஆகவே 0.1 மைக்ரோசீமன்ஸ் வரை காட்டும் கடத்துதிறன் மானியே மேலானது. வெறும் நீரை முதலில் அளந்து, அதனை இறுதி அளவிலிருந்து கழிக்க வேண்டும். அப்போதும் வெள்ளி அயன்களையே நாம் மதிப்பிடுகிறோம். துணிக்கைகள் மானிக்குப் புலப்படா.

கணக்கிட்டும் சரிபார்க்கலாம். 1 மில்லியம்பியர் மின்னோட்டம் 1 மணித்தியாலத்தில் கரைக்கும் வெள்ளி ஏறக்குறைய 4 மில்லிகிராம் மட்டுமே. நீர் 1 இலீற்றராயின், மானி 20 எனக் காட்டினால் அதை நம்பலாகாது.

எனினும், சரியான அளவு வேறு, பாதுகாப்பு வேறு. இதனைப் பாதுகாப்பான, பயனுள்ள மருந்தாக ஏற்க முடியாதென அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1999இல் விதித்தது. நெடுநாள் பருகுவோரின் தோல் நீலச் சாம்பல் நிறமாகலாம். அந்நிறம் பொதுவாக நீங்குவதில்லை. மானி செறிவைச் சொல்லட்டும். நோய்க்கு வைத்தியரையே நாடுவோம்.