வெனிஸ் போகாமலே ஒரு கால்வாய்ப் பயணம்: கோல சிலாங்கூரில் ஒரு நாள்

முதுகில் ஒரு பை, உள்ளே இரண்டு சட்டை, ஒரு தண்ணீர் போத்தல். வேலைக்குச் சேர்ந்து கையில் நாலு காசு சேர்ந்ததும் இப்படி ஐரோப்பாவைச் சுற்றக் கிளம்பும் இளைஞர்கள் நம்மிடையே உண்டு. அவர்களில் பலரின் பட்டியலில் முதலில் இருக்கும் ஊர் இத்தாலியின் வெனிஸ். நூற்றுக்கும் மேற்பட்ட சிறு தீவுகள், நானூற்றுக்கும் மேற்பட்ட பாலங்கள், தெருவுக்குப் பதில் கால்வாய், காருக்குப் பதில் படகு. ஒரு நாள் மிச்சமிருந்தால் அருகிலுள்ள அசோலோ என்ற மலையூருக்குப் போய், உச்சியில் நிற்கும் பழைய கோட்டையைப் பார்த்துத் திரும்புவார்கள்.

கூட்டம் தாங்காமல், ஒரு நாள் மட்டும் வந்து போகிறவர்களிடம் குறிப்பிட்ட நாள்களில் 5 யூரோ நுழைவுக் கட்டணம் வாங்கும் முறையை 2024 ஏப்ரல் 25-இல் வெனிஸ் தொடங்கியது.

கால்வாய், ஆறு, கடல், குன்றின் மேல் கோட்டை ஆகிய நான்கும் நம் வட சிலாங்கூரிலும் இருக்கின்றன. புக்கிட் பெருந்துங்கிலிருந்து காலையில் காரில் கிளம்பினால் இரவில் வீடு திரும்பிவிடலாம். வெனிஸின் மாளிகைகள் இங்கே இல்லை. ஆனால் இந்தக் கால்வாய்களை வெட்டிய கைகளில் நம் முன்னோரின் கைகளும் உண்டு. அதைத் தெரிந்துகொண்டு போனால் இந்தப் பயணமே வேறு மாதிரி இருக்கும்.

காலை: தென்னமரம் என்ற தோட்டம்

ரவாங் வழியாக லத்தார் நெடுஞ்சாலையைப் பிடித்தால் ஈஜோக் வந்துவிடும். அங்கிருந்து வடக்கே போனால் பெஸ்தாரி ஜெயா. பெரியவர்களுக்கு அது இன்னமும் பத்தாங் பெர்ஜுந்தைதான். அந்த வட்டாரத்தில் இருக்கிறது தென்னமரம் தோட்டம். பெயரே தமிழ். மலேசியாவில் வணிகத்துக்காகச் செம்பனை முதன்முதலில் பயிரிடப்பட்ட தோட்டம் இதுதான். ஆண்டு 1917. நட்டவர் ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரத் துரை. மலாயா வாழ்க்கையை வைத்து அவர் எழுதிய நாவலுக்கு 1930-இல் பிரான்சின் புகழ்பெற்ற கோன்கூர் பரிசு கிடைத்தது. அந்த நாவலில் தோட்டத்துத் தமிழர்களும் வருகிறார்கள்.

இங்கிருந்து மேற்கே கடலை நோக்கிப் போகப் போக, நிலம் தட்டையாகிக்கொண்டே வரும். கோல சிலாங்கூர் கரையோரம் கடல் வண்டல் படிந்த களிமண் பூமி. உள்ளே தள்ளியிருப்பது சதுப்பு நிலம். இரண்டிலுமே தண்ணீரை வடித்தால்தான் ரப்பரோ செம்பனையோ வேர் பிடிக்கும். அதனால்தான் இந்தப் பக்கத்துத் தோட்டங்களில் சாலையைவிடக் கான்கள் அதிகம்.

அவற்றின் அமைப்பு எளிமையானது. மர வரிசைகளுக்கு நடுவே ஓடும் சின்னக் கான் பெரிய கானில் சேரும். பெரிய கான் தலைக்கானில் சேரும். தலைக்கான் ஆற்றையோ கடலையோ தொடும் இடத்தில் ஒரு மதகு இருக்கும். பல மதகுகளில் கதவு மேல் பக்கம் மட்டும் கீலில் தொங்கும். கடல் ஏறும்போது வெளித்தண்ணீர் தள்ளக் கதவு மூடிக்கொள்ளும். கடல் வற்றும்போது உள்தண்ணீர் தள்ளத் திறந்துகொள்ளும். நடு இரவில் ஆள் போய்த் திறக்க வேண்டியதில்லை.

வெனிஸுக்கும் இதே கவலைதான். 1966 நவம்பர் 4-ஆம் தேதி அங்கே கடல் வழக்கமான மட்டத்துக்கு மேல் 194 சென்டிமீட்டர் ஏறி ஊரையே மூழ்கடித்தது. பல ஆண்டு வேலைக்குப் பிறகு, கடல் உள்ளே நுழையும் மூன்று வாய்களிலும் சேர்த்து 78 இரும்புக் கதவுகளை அமைத்தார்கள். சும்மா இருக்கும்போது அவை கடலடியில் படுத்திருக்கும். வெள்ளம் வரும்போது காற்றை நிரப்பினால் எழுந்து நிற்கும். ஊரைக் காக்க அவை முதன்முறையாக உயர்த்தப்பட்டது 2020 அக்டோபர் 3-ஆம் தேதி. அளவும் செலவும் வேறு. ஆனால் ஏறி வரும் கடலைக் கதவு போட்டுத் தடுக்கும் எண்ணம், கோல சிலாங்கூர் தோட்டத்து மதகில் இருப்பதேதான்.

இந்தக் கரையோரத்தை மனிதர் வாழும் நிலமாக்கியது ஓர் இனம் மட்டுமல்ல. தமிழர், ஜாவானியர், பஞ்சார் மக்கள், சீனர் எல்லோரும் மண்வெட்டியோடு சேற்றில் இறங்கியவர்கள்தான். வடக்கே தஞ்சோங் காராங்கிலும் செகிஞ்சானிலும் பச்சை விரித்துக் கிடக்கும் நெல் வயல்களுக்குப் பெர்ணம் ஆற்றின் தண்ணீர் கால்வாய் வழியாக வருகிறது. அந்த நீர்ப்பாசனத் திட்டம் 1930-களில் தொடங்கப்பட்டது.

கான் வெட்டினால் நன்மை மட்டும்தான் என்றும் சொல்ல முடியாது. சதுப்பு நிலத்தில் தண்ணீரை அளவுக்கு மீறி வடித்துவிட்டால் மண் காய்ந்து, நெருப்புப் பிடித்தால் அடியிலேயே புகைந்துகொண்டிருக்கும். இதே மாவட்டத்து ராஜா மூசா வனக்காப்பகத்தில் அப்படித் தீ மூண்டிருக்கிறது. அங்கே பழைய கான்களை இப்போது அடைத்து, நிலத்தை மறுபடி ஈரமாக்குகிறார்கள்.

மதியம்: மெலாவத்திக் குன்று

கோல சிலாங்கூர் பட்டணத்துக்கு மேலே நிற்பது புக்கிட் மெலாவத்தி. ஏறுவது சிரமமில்லை. பாட்டியும் பேரனும் சேர்ந்தே நடக்கலாம். வார இறுதியிலும் பொது விடுமுறையிலும் கார்கள் மேலே போக முடியாது. டிராம் வண்டி ஏற்றிச் செல்லும்.

ஆற்றின் வாயைக் காவல் காக்க ஏற்ற இடம் என்பதால் சிலாங்கூர் சுல்தான்கள் இங்கே கோட்டை கட்டினார்கள். 1784-இல் டச்சுக்காரர்கள் அதைப் பிடித்து, தங்கள் தலைமை ஆளுநர் ஆல்டிங்கின் பெயரால் ஆல்டிங்ஸ்பர்க் என்று அழைத்தார்கள். மறு ஆண்டே சுல்தான் இப்ராஹிம் பகாங் படையின் துணையோடு மீட்டுக்கொண்டார். சிலாங்கூர் உள்நாட்டுப் போரின்போது, 1871-இல், ரினால்டோ என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் இதன்மீது குண்டு பொழிந்தது. இன்று பீரங்கிகளும் மதில் மிச்சங்களும் சுல்தான்களின் கல்லறைகளும் இருக்கின்றன. பக்கத்திலுள்ள வெள்ளைக் கலங்கரை விளக்கம் இன்னமும் அந்த டச்சுப் பெயரையே சுமக்கிறது.

பிள்ளைகளுக்குப் பிடிப்பது குரங்குகள்தான். சாம்பல் நிறத் தாய் மந்தியின் மடியில் ஆரஞ்சு நிறக் குட்டி தொங்கிக்கொண்டிருக்கும். வளர வளர அந்த நிறம் மாறிவிடும். இந்த மந்திகள் சாது. கூடவே திரியும் நீள வால் குரங்குகள் அப்படியல்ல. கையில் பை இருந்தால் கவனம் தேவை.

மேலிருந்து பார்த்தால் கீழே சதுப்புக் காடு, அப்பால் மலாக்கா நீரிணை, ஒரு பக்கம் ஆற்று வாய். காலையில் கண்ட கான்களின் தண்ணீர் எங்கே போய்ச் சேருகிறது என்பது இங்கே நின்றால் விளங்கும். நேரம் இருப்பவர்கள் குன்றின் அடியிலுள்ள இயற்கைப் பூங்காவில் நடந்துவிட்டு, அக்கரையில் பாசிர் பெனாம்பாங் மீனவர் கிராமத்தில் சாப்பிடலாம்.

இரவு: மின்மினிக் கரை

இருட்டியதும் போக வேண்டிய இடம் கம்போங் குவாந்தான். துடுப்புப் படகில் சிலாங்கூர் ஆற்றில் இறங்கினால், கரையோர பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் ஒளிரும். ஒன்று ஒரு பக்கம், மற்றொன்று ஒரு பக்கம் என்று மின்னுவதில்லை. மரம் முழுக்க ஒன்றாக மின்னி, ஒன்றாக அணையும். பெண் பூச்சியை அழைக்க ஆண் பூச்சிகள் இப்படித் தாளம் தப்பாமல் ஒளி விடுகின்றன. நிலா இல்லாத, மழை இல்லாத இரவே நல்லது. கைவிளக்கும் கேமரா வெளிச்சமும் கூடாது. கொசுக்கடிக்கு முழுக்கைச் சட்டை உதவும்.

பூச்சி மரத்தில் இருந்தாலும் அதன் பிள்ளைப் பருவம் தரையில்தான். ஆற்றங்கரை ஈர மண்ணில் வாழும் புழு, சின்ன நத்தைகளைத் தின்று வளர்ந்து, மண்ணிலேயே கூடு கட்டி, பிறகுதான் சிறகோடு மரமேறும். ஆகவே மரத்தை மட்டும் விட்டுவைத்தால் போதாது. பின்னாலுள்ள ஈரக்கரையும் வேண்டும். கரையை வழித்துத் தண்ணீர் விளிம்பு வரை பயிர் செய்தால் மின்மினி போய்விடும். ஆற்றில் நன்னீர் குறைந்து கடல்நீர் கூடுதலாக உள்ளே ஏறினாலும் பெரெம்பாங் மரம் வாடும்.

இதில் புக்கிட் பெருந்துங் மக்களுக்கும் பங்குண்டு. சிலாங்கூர் ஆறு கோல குபு பாருவுக்கு மேலே மலையில் பிறக்கிறது. கெர்லிங், பத்தாங் காலி, செரெண்டா ஆறுகள் எல்லாம் அதில்தான் கலக்கின்றன. கிள்ளான் பள்ளத்தாக்கின் குழாய்த் தண்ணீரில் பெரும் பகுதி இந்த ஆற்றிலிருந்துதான் எடுக்கப்படுகிறது. உலு சிலாங்கூர்க் கான்களில் வீசப்படும் பிளாஸ்டிக் பையும் ஊற்றப்படும் கரி எண்ணெயும், யாரும் டிக்கெட் எடுக்காமலே, கம்போங் குவாந்தானை நோக்கித்தான் போகின்றன.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு, லயத்து வீடுகள் மறைந்து, குடும்பங்கள் அடுக்குமாடிகளுக்குக் குடியேறிவிட்டன. எந்தக் கானை யார் வெட்டினார்கள் என்பதற்குப் பெயர்ப் பலகை எங்கும் இல்லை. சில வீடுகளில் மட்டும், அதைச் சொல்லக்கூடிய ஒரு தாத்தாவோ பாட்டியோ இன்னும் இருக்கிறார். இந்தப் பயணத்துக்குக் கிளம்பும்போது காரில் முன் இருக்கையை அவருக்குக் கொடுப்பது நல்லது. வழி தெரிந்தவர் அவர்தான்.