செபமாலையும் சுங்கானும்

அமெரிக்கப் பழங்குடிகளில் ஒரு பிரிவினரான லக்கோட்டா மக்களின் சூரிய நடனம் உள்ளிட்ட சடங்குகளை அமெரிக்க அரசு 1883இல் தண்டனைக்குரிய குற்றங்களாக்கியது. ஒதுக்கீட்டு நிலங்களில் மிஷன் பள்ளிகளை நடத்திய திருச்சபையினரும் அவற்றைப் பேய் வழிபாடு என்றே கற்பித்தனர். இதனால், கிறிஸ்தவராக வளர்வது என்பது முன்னோரை மறுப்பது என்னும் பொருளை அங்கே பெற்றது. இந்த முரணைப் புரிந்துகொள்ள, பிளாக் எல்க் என்னும் ஒக்லாலா லக்கோட்டா பெரியவரின் வாழ்க்கை பெரிதும் உதவுகிறது.

1863இல் பிறந்த அவருக்கு ஒன்பது வயதில் ஒரு பெருங்காட்சி தோன்றியது. அதில் ஆறு திசைகளின் ஆற்றல்களாக ஆறு பாட்டன்மார் அவரை அழைத்துத் தம் மக்களைக் காக்கும் பொறுப்பை ஒப்படைத்தனர். பாட்டனாரைக் குறிக்கும் 'துங்காஷிலா' என்ற சொல்லாலேயே, 'வக்கான் தங்கா' எனப்படும் பெரும்புனிதத்தையும் லக்கோட்டா மக்கள் விளித்து வேண்டுவதால், அவர்களிடம் இறைவழிபாடும் முன்னோர் உறவும் தனித்தனியானவையல்ல. 1890இல் அமெரிக்கப் படை லக்கோட்டா மக்கள்மீது நடத்திய ஊண்டட் நீ படுகொலையைக் கண்ட பிளாக் எல்க், மருத்துவச் சடங்குகள் செய்யும் பெரியவராக வாழ்ந்து, 1904இல் நிக்கோலஸ் என்னும் பெயருடன் கத்தோலிக்கத் திருமுழுக்கு பெற்றார். பின்னர் உபதேசியாராகிப் பைன் ரிட்ஜ் பகுதியில் பல்லாண்டுகள் பணியாற்றினார்.

அவரைப் பற்றிய பதிவுகளிலும் இதே பிளவைக் காணலாம். கவிஞர் ஜான் நைஹார்ட் அவரிடம் கேட்டெழுதி 1932இல் வெளியிட்ட நூல் 1890உடன் நின்றுவிடுவதால், உபதேசியார் அதில் இடம்பெறவேயில்லை. அந்நூலால் மனவருத்தமுற்ற மிஷனரிகளோ, அவர் கிறிஸ்தவராக வாழ்வதை உறுதிப்படுத்தும் அறிக்கை ஒன்றில் 1934இல் அவரையே கையொப்பமிடச் செய்தனர். ஒரு தரப்புக்கு முற்பாதியும் மறுதரப்புக்குப் பிற்பாதியும் மட்டுமே தேவைப்பட்டன.

இந்த முரணுக்கு அவருடைய சொந்த விடை, ஒக்லாலா மக்களின் ஏழு சடங்குகளைப் பற்றி அவர் சொல்ல, ஜோசப் பிரௌன் தொகுத்து 1953இல் வெளிவந்த நூலின் முன்னுரையில் இருக்கிறது. கடவுள் தம் மகனை அனுப்பினார் என்பதைத் தாம் மெய்யென்றே ஏற்பதாகவும், அதே இறைவிருப்பத்தால்தான் வெள்ளை எருமைக் கன்றுப் பெண் தம் மக்களுக்குப் புனிதச் சுங்கானைக் கொண்டுவந்தாள் என்றும் அவர் அதில் விளக்குகிறார். புகையிலை இட்டு ஆறு திசைகளையும் நோக்கி உயர்த்தப்படும் இச்சுங்கான், எல்லா உயிர்களும் உறவே என்பதை உணர்த்தும் வழிபாட்டுப் பொருளாகும். இங்கே அவர் இரண்டையும் கலந்து மூன்றாவது சமயம் ஒன்றை உருவாக்கவில்லை; ஒன்று மெய்யாவதற்கு மற்றொன்று பொய்யாக வேண்டும் என்ற நிபந்தனையையே மறுத்தார்.

இந்நிலைப்பாட்டை ஏற்காதோர் இரு புறத்திலும் உண்டு. திருச்சபை இழைத்த காயம் ஆறாத நிலையில் இணக்கம் பேசுவது அநீதியை மறைப்பதாகும் என்ற பழங்குடியினரின் வாதத்தில் நியாயம் இருக்கிறது. பழங்குடிச் சமய உரிமையைக் காக்கும் சட்டமே 1978இல்தான் இயற்றப்பட்டது. ஆகவே தடையும் அவமதிப்பும் நேர்ந்ததை ஒப்புக்கொள்வதே இணக்கத்தின் முதல் படியாக இருக்க முடியும்.

1950இல் மறைந்த பிளாக் எல்க்கின் பெயர், அவர் தம் காட்சியில் நின்றதாகக் கருதப்படும் மலைச்சிகரத்துக்கு 2016இல் சூட்டப்பட்டது. அடுத்த ஆண்டு ராபிட் சிட்டி மறைமாவட்டம் அவருக்குப் புனிதர் பட்டம் கோரும் நடைமுறையைத் தொடங்கியது.