துறைமுகத்தைத் தூக்கிய தோள்கள்

சிங்கப்பூர் என்றதும் சிங்காரச் சீமை, செல்வம் கொழிக்கும் பட்டினம் என்பார்கள். அச்சன்புதூருக்குப் பக்கத்தில், கடையநல்லூரிலும் தென்காசியிலும் கேட்டுப் பாருங்கள், தோழர்களே! பாட்டன் அங்கே மூட்டை சுமந்தார் என்று சொல்லும் குடும்பங்கள் பலவுண்டு.

மலாய்த் தீபகற்பத்தின் தென்முனையில், நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 137 கிலோமீட்டரில் கிடக்கிறது அந்தத் தீவு. மேற்கே மலாக்கா நீரிணை. கிழக்கே தென்சீனக் கடல். இந்தியாவுக்கும் சீனத்துக்கும் ஓடும் கப்பல்களுக்கு அது வழிவாசல். தென்கரையிலே, சிறு தீவுகள் அரண்போல் நிற்க, ஆழமான துறை. இயற்கை தந்த கொடை!

1819-இல் ராஃபிள்ஸ் வந்தார். ஆங்கிலக் கொடி ஏறிற்று. அவருக்குச் சிலை உண்டு, சரித்திரத்தில் இடம் உண்டு. சாலை போட்டவன் யார்? 1825 முதல் கொண்டுவரப்பட்ட இந்தியக் கைதிகள்! 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்தது. நீராவிக் கப்பல்கள் குவிந்தன. கப்பலுக்குக் கரி வேண்டும். கரி சுமக்க முதுகு வேண்டும்! தறியை நம்பி வயிறு காய்ந்த கடையநல்லூர்க்காரர் கடல் கடந்தார்கள்; தஞ்சோங் பகார் துறைமுகத்தில் கூலிகளானார்கள். பெண்கள் மசாலா அரைத்து விற்றுக் குடும்பம் காத்தார்கள்.

1942 பிப்ரவரி 15-இல் பட்டினம் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. எசமானன் மாறினான், சுமை மாறவில்லை. போர் முடிந்த 1945-இலேயே, அக்டோபர் மாதம், துறைமுகத் தொழிலாளர் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். குனிந்த முதுகு நிமிர்ந்தது!

முதுகு மட்டுமா? மொழியும் நிமிர்ந்தது. 1929-இல் பெரியார் அங்கே சென்று தன்மானம் முழங்கினார். 1935-இல் தமிழ் முரசு பிறந்தது. அதன் ஆசிரியர் கோ. சாரங்கபாணி, பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் கேட்டு, ‘தமிழ் எங்கள் உயிர்’ என்று நிதி திரட்டினார். கூலித் தொழிலாளியும் கொடுத்தான்.

1965 ஆகஸ்டு 9-இல் சிங்கப்பூர் தனிநாடானது. அங்கே தமிழர் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இல்லை. ஆயினும் மலாய், சீனம், ஆங்கிலத்தோடு தமிழும் ஆட்சிமொழி! கோடிக்கணக்கான தமிழர் வரி கட்டும் டில்லியிலோ, தமிழ் எட்டாவது அட்டவணையில் ஒரு பெயர். மத்திய ஆட்சிமொழி அல்ல.

2022-இல் துவாஸில் புதிய துறைமுகம் திறக்கப்பட்டது. துறை இடம் மாறலாம். சுமந்தவன் பெயர் மறையலாகாது. பாட்டன் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், தோழர்களே! சொல்லிவிட்டு டில்லியைக் கேளுங்கள்: கூலியாகப் போன தமிழனுக்குக் கடல் கடந்து கிடைத்த உரிமை, குடிமகனாக வாழும் தமிழனுக்குச் சொந்த நாட்டில் கிடைப்பது எப்போது?