மேல் ஏரி உடைந்தால் கீழ் ஏரி தாங்குமா?

ஐப்பசி நெருங்கினால் செய்யாறு பக்கத்து உழவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. 'எங்கள் ஏரிக்கரையைப் பலப்படுத்திவிட்டோம். இனி வெள்ளத்துக்குப் பயமில்லைதானே?' கரை பலமாக இருப்பது நல்லதுதான். ஆனால், உங்கள் ஏரிக்கு வரக்கூடிய ஆபத்தில் பெரும்பங்கு உங்கள் ஊர் எல்லைக்கு வெளியே, மேலே இருக்கும் ஏரியில் இருக்கிறது.

நம் பகுதி ஏரிகள் தனித்தனிக் குளங்கள் அல்ல. ஒன்றின் கலங்கலில் வழியும் நீர் அடுத்ததற்கு வரத்து. அது நிரம்பினால் அதற்கடுத்த ஊருக்கு. தமிழ்நாட்டில் இருக்கும் 39 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஏரிகளில் ஏராளமானவை இப்படிக் கோத்துக் கட்டப்பட்டவையே. இலங்கையின் வறண்ட பகுதியிலும் இதே அமைப்பு உண்டு. அங்கே அதற்கு 'எல்லங்கா' என்று பெயர். மத்தும பண்டார என்ற ஆய்வாளர் 1985-லேயே, ஒரு குளத்தை மட்டும் தனியாகப் பிரித்துப் பழுதுபார்ப்பதில் பயனில்லை, தொடர் முழுவதையும் ஒன்றாகப் பார்க்க வேண்டும் என்று எழுதினார். மழை நன்றாகப் பெய்து, எல்லாம் ஒழுங்காக இருந்தால் தொடரில் இருக்கும் எல்லா ஊருக்கும் தண்ணீர். மேலே ஒன்று உடைந்தாலோ, பத்து நாளில் வழிய வேண்டிய நீர் சில மணி நேரத்தில் கீழே வந்து மோதும். நேற்று வரை நன்றாக இருந்த கரையும் அதைத் தாங்காது.

புயல் கடலோரத்துக்காரர்கள் கவலை என்று நினைப்பவர்கள் 2024-ஐ நினைத்துப் பார்க்க வேண்டும். நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சல் புயல், வேகமாக நகராமல் நின்று நின்று கொட்டியது. மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை. அடுத்த நாள், கடலிலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள ஊத்தங்கரையிலும் அதே அளவு. அங்கே ஏரி நிரம்பி வழிந்த வெள்ளம், சாலையோரம் நின்ற வண்டிகளை அடித்துக்கொண்டு போனது. நம் மாவட்டத் தலைநகர் திருவண்ணாமலையில் மலைச்சரிவு ஏழு பேரைப் பலிகொண்டது. சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு ஒரு லட்சத்து 68 ஆயிரம் கன அடி வரை திறக்க வேண்டிவந்தது.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். ஒரு ஏக்கரில் ஒரு செ.மீ. மழை பெய்தால் சுமார் 40 ஆயிரம் லிட்டர். 20 செ.மீ. பெய்தால் ஏக்கருக்கு 8 லட்சம் லிட்டர். பாதி மண்ணில் இறங்கினாலும், மீதி 4 லட்சம் லிட்டர் எங்காவது போயாக வேண்டும். உங்கள் ஏரியின் நீர்ப்பிடிப்பு எத்தனை ஏக்கர் என்பது தெரிந்தால் பெருக்கிப் பாருங்கள். அவ்வளவு நீரும் வெளியேற இருப்பது கலங்கல் ஒன்றுதான்.

அதனால்தான் கரையைவிடக் கலங்கலைப் பற்றியே அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. பழைய கலங்கல்களில் வரிசையாகக் கற்கள் நட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மழைக்காலம் முடியும் தறுவாயில் அவற்றுக்கு நடுவே களிமண்ணும் புல்லும் அடைத்து, கொஞ்சம் கூடுதலாக நீர் தேக்குவார்கள். பெருமழைக்கு முன் அடைப்பை எடுத்துவிடுவார்கள். இன்று பல ஊர்களில் நடப்பது தலைகீழ். மழை தொடங்கும் முன்பே மணல் மூட்டையை அடுக்கிவிடுகிறார்கள். ஓர் அடி தண்ணீர் கூடுதலாக நின்றால் இரண்டாம் போகம் நிச்சயம் என்ற ஆசை புரிந்துகொள்ளக்கூடியதே. ஆனால் அந்த ஓர் அடி, கரையின் தலைக்கும் நீர்மட்டத்துக்கும் இடையில் விட்டுவைத்த பாதுகாப்பிலிருந்து எடுத்த கடன். நீர் கரைமேல் ஏறி வழிந்தால் மண்கரை அரிபட அதிக நேரம் ஆகாது. கலங்கலுக்குக் கீழே போக்குக்கால்வாயை உழுது நெல் நட்டிருந்தாலும் விளைவு இதேதான்.

கரை உடைய மழைகூடத் தேவையில்லை. இலங்கையில் கந்தளாய்க் குளம் உடைந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தது 1986 ஏப்ரல் 20 அதிகாலையில். நண்டு வளை, எலி வளை, பட்டுப்போன வேலிக்காத்தான் வேர் மக்கிய துளை, மதகை ஒட்டிய வெடிப்பு என்று நீர் நுழைய வழிகள் பல. கரையின் வெளிப்புற அடியில் ஊற்றுப் போலக் கசிந்தால், ஒரு தம்ளரில் பிடித்துப் பாருங்கள். தெளிவாக இருந்தால் கண்காணித்தால் போதும். கலங்கலாக வந்தால் உள்ளே மண் கரைந்து வெளியேறுகிறது என்று அர்த்தம். உடனே நீர்வளத் துறை அலுவலருக்குச் சொல்ல வேண்டும். வெளிப்புறத் துளையைத் துணியோ களிமண்ணோ வைத்து அடைக்காதீர்கள். நீர் வேறு இடத்தில் பிய்த்துக்கொள்ளும். ஊற்றைச் சுற்றி மணல் மூட்டைகளை வட்டமாக அடுக்கி, நடுவில் நீரைத் தேங்கவிட வேண்டும். தேங்கும் நீரின் பாரம் கசிவின் வேகத்தைக் குறைக்கும். மேலே மணலும் ஜல்லியும் போட்டால் நீர் வரும், மண் வராது.

கரையில் என்ன மரம் வைக்கலாம் என்றும் பலர் கேட்கிறார்கள். திருவோத்தூர் வேதபுரீசுவரர் கோயிலின் தல மரத்தையே பாருங்கள். பனை! அதன் சல்லிவேர் மண்ணைக் கட்டிப்பிடிக்கும்.

இதையெல்லாம் யார் பார்ப்பது? செய்யாற்றிலிருந்து அனுமந்தண்டலம் அணைக்கட்டு வழியாக நீர் பெறும் உத்திரமேரூரில், பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் (919, 921) ஆறு பேர் கொண்ட ஏரி வாரியத்தைச் சொல்கின்றன. 360 நாள் பதவி. கணக்குக் காட்டாதவருக்கும் அவர் உறவினருக்கும் மறுபடி இடமில்லை. (இன்றைய குழுக்களுக்கு இந்த ஒரு விதி போதும்!) 1858-ல் ஆங்கில அரசு, கரை உடையும் நிலையில் ஊராரை வேலைக்கு அழைக்கச் சட்டமே போட்டது. 2017-ல் குடிமராமத்து மீண்டும் வந்தபோது பணம் வந்தது, வண்டல் எடுக்கப்பட்டது. பல ஊர்களில் கம்புகட்டி மட்டும் திரும்பி வரவில்லை. இரவு மழையில் டார்ச்சோடு கரையில் நடக்கும் அந்த ஒரு ஆளின் கூலியை, ஊர்ப் பொதுவில் நான்கு மாதத்துக்குத் தருவது பெரிய தொகை அல்ல.

அந்த ஆளுக்கு மேல் ஊர்க் கம்புகட்டியின் செல்போன் எண்ணும், கீழ் ஊர்க்காரர் எண்ணும் தெரிந்திருக்க வேண்டும். 2004 சுனாமியன்று புதுச்சேரி அருகே நல்லவாடு மீனவ கிராமம் தப்பியது, சிங்கப்பூரிலிருந்து வந்த ஒரு தொலைபேசி அழைப்பாலும், ஊரில் ஏற்கெனவே கட்டியிருந்த ஒலிபெருக்கியாலும்தான். நம் ஊர்க் கோயில்களில் ஒலிபெருக்கிக்குப் பஞ்சமில்லை. இன்வெர்ட்டரோ பேட்டரியோ இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். மின்சாரம் முதல் காற்றிலேயே போய்விடும்.

புரட்டாசிக்குள் ஒரு நாள், மேல் ஏரிக் கலங்கலில் தொடங்கி உங்கள் ஏரி வரை கால்வாய் ஓரமாகவே இரண்டு ஊர்க்காரர்களும் சேர்ந்து நடந்து வாருங்கள். அடைப்பு, ஆக்கிரமிப்பு, உடைந்த பாலம், எல்லாவற்றையும் போட்டோ எடுத்து, தேதியோடு மனுவாக நீர்வளத் துறை அலுவலகத்திலும் வட்டாட்சியரிடமும் கொடுத்து ரசீது வாங்குங்கள். மழை இரவில் கூப்பிட மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077, மாநில எண் 1070.