ஒவ்வொரு சலாகைக்கும் ஒவ்வொரு நிறம்

எண்களைச் சலாகைகளாக வரைந்து காட்டும் வழக்கம் புதியதன்று. 1786இல் வில்லியம் பிளேஃபெயார் ஸ்கொட்லாந்தின் ஏற்றுமதி, இறக்குமதிக் கணக்கை அவ்வாறு வரைந்து வெளியிட்டார். இன்று இணையப் பக்கமொன்றில் அதே வரைபை ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் சில வரிகளால் ஆக்கிவிடலாம். அதற்கெனப் பலரும் பயன்படுத்தும் இலவசச் செய்நிரல் நூலகம் 'சார்ட் ஜேஎஸ்'.

ஐந்து பாடங்களின் வகுப்புச் சராசரியை வரைவதாக வைத்துக்கொள்வோம்: தமிழ் 72, கணிதம் 38, விஞ்ஞானம் 54, வரலாறு 65, ஆங்கிலம் 47. 'பேக்ரவுண்ட் கலர்' என்னும் பண்புக்கு நீலம் என ஒரே பெறுமானத்தைக் கொடுத்தால் ஐந்து சலாகைகளும் நீலமாகவே எழும். ஐந்தும் ஒரே தரவுத் தொகுதியைச் சேர்ந்தவை. கொடுத்த நிறம் தொகுதி முழுவதற்கும் உரியதாகிவிடுகிறது.

தனித்தனி நிறம் வேண்டுமாயின், நிறங்களை அணியாகக் கொடுக்க வேண்டும். சதுர அடைப்புக்குறிக்குள் ஐந்து நிறங்களைக் காற்புள்ளியிட்டு எழுதினால், முதல் நிறம் முதற் சலாகைக்கும் இரண்டாவது நிறம் இரண்டாவதற்கும் சேரும். நிறங்கள் குறைவாயிருந்தால், புதிய பதிப்புகளில் அவை முதலிலிருந்து மீண்டும் சுற்றி வரும்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். நிறம் ஒட்டியிருப்பது பாடத்தோடு அன்று, இடத்தோடு. குறைந்த புள்ளியைக் காட்டக் கணிதத்துக்குச் சிவப்பிட்டிருந்தோம். பின்னர் புள்ளிகளை மட்டும் இறங்குவரிசையில் அடுக்கினால் அந்தச் சிவப்பு, 65 பெற்ற வரலாற்றின்மேல் போய் நிற்கும். எண்கள் சரி; வரைபு மட்டும் பொய் சொல்லும். இதைத் தவிர்க்க, அணிக்குப் பதிலாக ஒரு சார்பை எழுதலாம்: பெறுமானம் 40இற்குக் குறைவாயின் சிவப்பு, இல்லையேல் நீலம். எப்படி அடுக்கினாலும் சிவப்பு கணிதத்தையே தொடரும்.

நிறத்துக்கு ஒரு பொருள் இருக்க வேண்டும். 1858இல் புளோரன்ஸ் நைட்டிங்கேல் கிரைமியப் போர் மரணங்களை வரைந்தபோது, தடுத்திருக்கக்கூடிய நோய்களுக்கு நீலமும் போர்க்காயங்களுக்குச் சிவப்பும் ஏனைய காரணங்களுக்குக் கறுப்பும் இட்டார். காயத்தைவிட நோயே கூடுதலானோரைக் கொன்றது என்பதைப் பரந்து கிடந்த நீலம் உணர்த்தியது.

சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாதோர் நம்மிடையே உள்ளனர். கறுப்பு வெள்ளையில் அச்சானாலும் நிறங்கள் மறைந்துவிடும். ஆகவே சலாகையின் கீழே பெயரையும் மேலே எண்ணையும் எழுதிவிடுங்கள். நிறம் அவற்றுக்குத் துணை நிற்கட்டும்.